மூங்கில் பூச்சிக்குப் பெயர் வைத்த கதை

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி கேட்டார்கள். பூச்சியைக் காரக் கரைசலில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, சாயம் எப்படி ஏற்றுவது, ஸ்லைடில் எப்படிக் கிடத்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லித்தருவார்கள். நான் ஒரே ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். விருத்தாசலத்தில் மூங்கிலில் கிடைத்த செதில் பூச்சி அது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் விவரித்துப் பெயர் வைத்த கடைசி இனம்.

நம்முடைய பூச்சியைக் காட்டினால் யாரும் வியக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். வண்ணத்துப்பூச்சியில் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்கூட ரசிகர்கள். நம்முடையது குஞ்சுப் பருவம் தாண்டினால் இறக்கையும் இல்லாமல் காலும் இல்லாமல், சாறு குடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, மேலே மெழுகைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். என் கணவர் இத்தனை வருடமாக அதை அழுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அழுக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நம்மைத் தேடி வருகிறார் என்றால், அவருக்கு ஏதோ நஷ்டம் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆசையாக யாரும் வருவதில்லை.

அந்த முறை விருத்தாசலத்துக் கரும்புக்காரர்களிடமிருந்து இரண்டு பொட்டலங்கள் வந்தன. ஒன்றில் சோகையோடு, அதாவது காய்ந்த தோகையோடு, ஒரு கரும்புத் துண்டு. இன்னொன்றில் மூங்கில் கணு. கரும்பில் செதில் பூச்சி விழுந்திருக்கிறது, அது பக்கத்து நிலத்து மூங்கிலிலிருந்து பரவியது, உறுதி செய்து தரவும் என்று கூடவே ஒரு குறிப்பு. என்ன பூச்சி என்று கேட்கவில்லை. முடிவை அவர்களே எழுதிவிட்டு என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டிருந்தார்கள். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

கரும்பில் இருந்தது நமக்கெல்லாம் பழகிய பூச்சி, தட்டையாக, பழுப்பாக. மூங்கிலில் இருந்தது உருண்டையாக, வெள்ளையாக இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியமேரி ஸ்லைடு போட்டுத் தந்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பின் ஓரத்தில் நுண்துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. கரும்புப் பூச்சிக்கு ஒரு வரிசைதான் உண்டு. இருவரும் கையில் இருந்த நூல்களையெல்லாம் புரட்டினோம். இரண்டு வரிசை உள்ளது எதிலும் இல்லை. ஆரோக்கியமேரி எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார். புது இனம் என்று தோன்றினால் எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். வாய்விட்டுச் சொன்னால் கைநழுவிவிடும் என்று ஒரு பயம். டீயைக் குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்போம்.

மறுநாள் பஸ் பிடித்து விருத்தாசலம் போனேன். பீங்கான் கொட்டகைகளுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அதில் வரிசையாக மூங்கில் குத்துகள். வேலிக்கு அந்தப் பக்கம் ராமலிங்கம் என்பவருடைய கரும்பு. மூங்கில் நிலம் கொளஞ்சியம்மாளுடையது. அவருடைய கணவர் மூச்சிரைப்பால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். பந்தல்காரர்களும் சாரம் கட்டுகிறவர்களும் கொளஞ்சியம்மாளிடம் கழி வாங்குவார்கள். அகல் விளக்கும் பொம்மையும் செய்து காயவைக்கும் கொட்டகைக்காரர்கள் பரண் கட்ட வாங்குவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மூங்கிலால்தான்.

“தூசுன்னுதாங்க நெனச்சேன்,” என்றார் அவர், கணுவில் இருந்த வெள்ளையைக் காட்டி. “கொட்டகையில களிமண்ணு மாவு அரைக்கிறாங்க இல்லிங்களா, அது பறந்து வந்து ஒட்டிக்குதுன்னு இருந்துட்டேன். மழ பேஞ்சும் போவல.”

ராமலிங்கம் இன்னும் நாலைந்து கரும்புக்காரர்களோடு வந்து நின்றார். அவரை வில்லனாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சோகையை உரித்துக் காட்டிய கணுவெல்லாம் செதில் அப்பிக்கிடந்தது. பயிர் கண் முன்னால் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் நியாயம் பேசுவது லேசான காரியம் இல்லை.

“ஊர்ல பேசி முடிச்சாச்சுங்க மேடம்,” என்றார். “மூங்கில வேரோட எடுத்துக் கொளுத்திடறதுன்னு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். ரெண்டும் ஒரே பூச்சிதான?”

கொளஞ்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வேறு பூச்சி என்று சொல்லியிருந்தால் மூங்கில் அன்றைக்கே தப்பித்திருக்கும். எனக்கும் ஒரு புது இனம் கிடைத்திருக்கும். அந்த விடை எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததுதான் என்னை உறுத்தியது. நம் பூச்சி இருக்கும் இடத்துக்குத் தக்கபடி உருவம் மாறும். சோகைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு வளர்ந்தால் தட்டையாகிவிடும், வெளியே வளர்ந்தால் உருண்டுவிடும். ஒரே பூச்சிக்கு இலையில் ஒரு பெயரும் தண்டில் ஒரு பெயரும் வைத்துவிட்டுப் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் நம் துறையில் நிறையப் பேர். வந்த பொட்டலத்தில் இருந்ததோ வெளிக்கணுவின் பூச்சி மட்டும்.

“தெரியாதுங்க,” என்றேன்.

“தெரியாதா? நீங்களே தெரியாதுன்னா நாங்க யாரப் போயிக் கேக்கறது?”

“பார்வைக்கு வேற மாதிரிதான் இருக்குது. ஆனா பார்வைய நம்பிச் சொல்ல முடியாதுங்க. மூங்கில் பூச்சியோட குஞ்சக் கரும்புல விட்டுப் பாக்கணும். அது கரும்புல ஒட்டிப் பொழச்சா நீங்க சொல்றது சரி. இல்லன்னா தப்பு. அது தெரியிற வரைக்கும் மூங்கில தொடாதீங்க. நீங்க சோகைய உரிச்சுக் கொளுத்துங்க, அது எந்தப் பூச்சிக்கும் நல்லதுதான்.”

அவர்கள் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். “ஆடி முடியிற வரைக்கும் பொறுத்துக்கிறோம்,” என்றார் ராமலிங்கம்.

கொளஞ்சியம்மாள் என்னோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்துவந்தார். “வேற மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்களே மேடம். அதோட நிறுத்தியிருக்கலாமே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசே சரியில்லை.

தொட்டிகளில் செடி வைத்தோம். மூங்கில் பூச்சியின் குஞ்சைக் கரும்பிலும், கரும்புப் பூச்சியின் குஞ்சை மூங்கிலிலும் விட்டோம். கூடவே மூங்கில் குஞ்சை மூங்கிலிலும், கரும்புக் குஞ்சைக் கரும்பிலும் விட்டோம். கடைசியாகச் சொன்ன இரண்டும் வேலைமெனக்கெட்ட காரியம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அந்த இரண்டும்தான் நம்மை மானத்தோடு வாழவைப்பவை.

கரும்பில் விட்ட மூங்கில் குஞ்சுகள் செத்துவிட்டன. நான் விரும்பிய விடை அதுதான். ஆனால் மூங்கிலில் விட்ட மூங்கில் குஞ்சுகளும் செத்திருந்தன. தொட்டிகள் இருந்த கண்ணாடி அறையின் சூடு எல்லாவற்றையும் கொன்றிருந்தது.

அப்போது எங்கள் பிரிவுத் தலைவராக இருந்தவர் நல்ல மனிதர். விவரத்தைக் கேட்டுவிட்டு, “கரும்புல செத்துடுச்சா இல்லையா? அதைத்தானே பாக்கணும்? எழுதிக் குடுத்துடுங்கம்மா. பாவம், அந்த அம்மா பொழச்சிக்கிட்டுப் போவட்டும்,” என்றார். முரட்டு அதிகாரி தப்பான யோசனை சொன்னால் சண்டை போட்டுவிடலாம். இரக்கப்பட்டுச் சொல்லப்படும் தப்பான யோசனையை மறுப்பதுதான் கஷ்டம். எனக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் வீட்டிலேயே செத்துக்கொண்டிருந்த குஞ்சு பக்கத்து வீட்டிலும் செத்தது என்றால், அதை வைத்துப் பக்கத்து வீட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும்? எல்லாத் தொட்டிகளையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆடி முடிந்தது. ஒரு நாள் காலையில் போன் வந்தது.

“மேடம், நான் கொளஞ்சி பேசறேன். ஜேசிபி வந்து நிக்குது.”

நான் போய்ச் சேரும்வரை வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு ராமலிங்கத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். “மேடம் வரட்டும்னு சொல்லிட்டேன்,” என்றவர், கொஞ்சம் தள்ளிவந்து மெல்லக் கேட்டார். “நாங்க சொன்னபடி பொறுத்தோம். நீங்கதான சொன்னபடி சொல்லல?”

அது உண்மை. முதல் சோதனை கெட்டுப்போனதையும், மறுபடி ஆரம்பித்திருப்பதையும் சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விஞ்ஞானத்தைப் பற்றி நான் நாலு வார்த்தை பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. யாருக்கும் அது காதில் ஏறவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது கொளஞ்சியம்மாள் வேலியோரம் போய் நின்று கைகாட்டினார். “இந்த ஓரத்துக் குத்துதான அண்ணே உங்க கரும்ப ஒரசிக்கிட்டு நிக்குது? இத எடுத்துக் கொளுத்திக்குங்க. மத்தது மேடம் சொல்ற வரைக்கும் நிக்கட்டும்.”

அந்த நிலத்திலேயே பெரிய குத்து அது. கழிகள் நேராக, தடித்து, வெட்டுக்குத் தயாராக இருந்தன. ஆவணி முகூர்த்தங்களுக்காகப் பந்தல்காரர் ஒருவர் வந்து பார்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார். பூச்சி விழுந்த மூங்கில் ஊருக்குள் போகக் கூடாது என்று முன்பே பேசிவிட்டதால் அதை விற்கவும் முடியாது. ராமலிங்கமே கொஞ்சம் தடுமாறிப்போனார். பிறகு தலையசைத்தார்.

“நீங்களே எடுக்கச் சொல்றீங்களேம்மா,” என்றேன்.

“நீங்க கேக்குற நாளு எனக்குச் சும்மா கெடைக்குமா மேடம்?” என்றார்.

உங்களில் பலர் இன்னும் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய சந்தோஷத்தில் இருப்பீர்கள். அதனால் சொல்கிறேன். தெரியாது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும், நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறி வந்துவிடுவோம். தெரிகிறவரைக்கும் ஆகும் நாட்களுக்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வண்டி குத்தைத் தூரோடு பெயர்த்துச் சாய்த்தது. கொளுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கினேன். முள் மூங்கிலில் நடுக்கழியின் கணுவை வெளியிலிருந்து கையால் தொட முடியாது. அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொட்டேன். கணுவைப் போர்த்தியிருந்த காய்ந்த உறையைப் பிரித்தால் உள்ளே பூச்சிகள் இருந்தன. உருண்டையாக இல்லை. நெருக்கத்தில் நசுங்கி, தட்டையாக, கரும்புப் பூச்சியைப் போலவே இருந்தன. ராமலிங்கம் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தபடியே அவற்றைக் குப்பிகளில் எடுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற கொளஞ்சியம்மாள் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். குப்பிகளை மூடி மூடிக் கொடுத்தார்.

அந்தக் குப்பிகளை ஆரோக்கியமேரி வாங்கிக்கொண்டு, “எல்லாம் ஒரே மாவா இருக்குது. இந்தத் தடவ நல்லாக் கழுவிட்டுத்தான் ஸ்லைடு போடுவேன்,” என்றார். கழுவினார். போட்டார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உடம்பின் ஓரத்தில் துளைகள் ஒரே வரிசைதான் இருந்தன. இரண்டாவது வரிசையைக் காணோம்.

பழைய ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாங்கள் துளைகள் என்று எண்ணிவைத்தவற்றில் பாதி களிமண் துகள்கள். கொட்டகையிலிருந்து பறந்துவந்து, பூச்சியின் மெழுகில் ஓரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தவை. காரத்தில் பூச்சியின் சதை கரையும், மெழுகும் போகும், களிமண் கரையாது. வேறெந்த ஊர் மூங்கிலாக இருந்தாலும் இது நடந்திருக்காது. நாங்கள் குடித்த டீ களிமண்ணுக்காகக் குடித்த டீ. ஆரோக்கியமேரி அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வேலியோரத்தில் வேறு பூச்சி என்று நான் சொல்லியிருந்தால், அந்த மாவை நம்பித்தான் சொல்லியிருப்பேன்.

உருண்டையை விட்டுவிட்டோம். தட்டையான மூங்கில் பூச்சியைத் தட்டையான கரும்புப் பூச்சியோடு வைத்து, தலையிலிருந்து வால்வரை மறுபடி பார்த்தோம். பல நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆரோக்கியமேரி தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குக்கூட லீவு போடாமல் வந்து உட்கார்ந்தார். கடைசியில் மூச்சுத் துளையின் அருகில் கிடைத்தது. மூங்கில் பூச்சிக்கு அந்த இடத்தில் வட்ட வட்டமாகச் சுரப்பிகள் ஒரு கொத்தாக இருந்தன. உருண்டையானதற்கும் இருந்தன, நசுங்கியதற்கும் இருந்தன. கரும்புப் பூச்சி ஒன்றுக்குக்கூட இல்லை. இடம் மாறினாலும் மாறாத அடையாளம் அது. எத்தனை கழுவினாலும் அது அங்கேயே இருந்தது.

சூட்டைக் குறைத்து வைத்த இரண்டாம் சுற்றுத் தொட்டிகளும் அதற்குள் பேசிவிட்டன. மூங்கில் குஞ்சுகள் மூங்கிலில் ஒட்டி, வளர்ந்து, வெள்ளை போர்த்திக்கொண்டன. கரும்பில் விட்டவை அங்குமிங்கும் ஊர்ந்து அலைந்துவிட்டு, வாய் வைக்காமலே செத்தன. கரும்புக் குஞ்சுகளும் மூங்கிலில் அப்படியே செத்தன, கரும்பில் பிழைத்தன. ஆரோக்கியமேரி எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார். எனக்குக் கண் கலங்கியது, அவருக்கும்தான்.

ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுப்போம், உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை என்றைக்கும் சுமக்கப்போவது அந்த ஒரு ஸ்லைடுதான். கொளுத்தப்பட்ட குத்திலிருந்து எடுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அடையாளம் அதில்தான் பழுதில்லாமல் தெரிந்தது. பெயரையும் அப்போதே மனத்தில் முடிவு செய்துவிட்டேன். நம் துறையில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை எதுவோ அதைக் கொளஞ்சியம்மாளுக்குச் செய்வது என்று, சந்தோஷமாக விருத்தாசலம் போனேன்.

மூங்கில் தப்பித்தது என்று சொன்னதும் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெயர் விஷயத்தைச் சொன்னேன்.

“பூச்சிக்கு எம் பேரா?” என்றார். “வேணாங்க மேடம். கோவிச்சிக்காதீங்க. கொளஞ்சி மூங்கில்லேர்ந்துதான் பூச்சி வந்துதுன்னு இத்தன நாளும் பேசினாங்க. இப்பதான் அது ஓயப்போவுது. நீங்க பூச்சிக்கே எம் பேர வெச்சி எழுதிட்டீங்கன்னா, நான் செத்த பின்னாடியும் அது ஓயாதே.”

இத்தனை வருடம் பூச்சிகளுக்கு ஆட்களின் பெயரைச் சூட்டிவிட்டுக் கைதட்டு வாங்கிய எனக்கு, அந்த நிமிடம்வரை இது தோன்றவே இல்லை. ஊர்ப் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். ஊருக்கும் கெட்ட பேர்தான் என்றார். வெள்ளைக் களிமண் பூசியதுபோல் இருப்பதால் களிமண்ணின் பெயரை வைக்கிறேன் என்றேன். யோசித்தார். “களிமண்ணு யாரோடயும் சண்டைக்கி வராது. அதையே வையுங்க,” என்றார். அந்தப் பெயரைத்தான் நீங்கள் இப்போது லத்தீனில் படிக்கிறீர்கள்.

“இதெல்லாம் எதுல எழுதுவீங்க மேடம்?”

“இங்கிலீஷ்ல, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலங்க.”

“அத யாரு படிப்பாங்க?”

“இந்தப் பூச்சியில வேல செய்யிறவங்க உலகத்துல கொஞ்சம் பேரு இருக்காங்க. அவங்க படிப்பாங்க.”

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். “அவங்க யாரும் எம் மூங்கில வெட்ட வரலியே மேடம்.”

அங்கேயே உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் என்னை அதிகம் திணறவைத்தது அந்த ஒரு பக்கம்தான். கொட்டகைகளின் முனையில் இருந்த டீக்கடைக்குப் போனோம். ராமலிங்கத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவரும் மற்ற கரும்புக்காரர்களும் வந்தார்கள். நான் நின்றுகொண்டு படித்தேன். மூங்கிலில் இருப்பது ஒரு பூச்சி, கரும்பில் இருப்பது வேறொரு பூச்சி. மூங்கில் பூச்சி கரும்பில் பிழைக்காது. கரும்பில் வந்த நோவுக்கும் கொளஞ்சியம்மாளின் மூங்கிலுக்கும் சம்பந்தம் இல்லை.

ராமலிங்கம் தம்ளரைக் கீழே வைத்தார். “அப்பறம் எங்கேர்ந்துங்க வந்துது?”

“நடுறதுக்கு வாங்கின கரணையோட வந்திருக்கும்ங்க. பெரும்பாலும் அப்படித்தான் வரும். அடுத்த தடவ கரணைய நல்லாப் பாத்து வாங்குங்க.”

அவர் தம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் கரணையை வேப்பூர் பக்கம் போய் அவரே பார்த்து ஏற்றிவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கொளஞ்சியம்மாள் அவரை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. என்னிடம் மட்டும், “கடேசி வரிய இன்னொரு தபா படிங்க மேடம்,” என்றார். படித்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தத் தாளை வாங்கி, கடைக்காரரிடம் பசை கேட்டு, அவரே சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எரிந்துபோன குத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தப் பூச்சியின் ஸ்லைடு நம் அலமாரியில் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பாருங்கள். மூச்சுத் துளையின் அருகில் அந்தக் கொத்து தெளிவாகத் தெரியும். லேபிளில் ஊர் இருக்கும், செடி இருக்கும், எடுத்தவர் என்று என் பெயர் இருக்கும். அந்தக் குத்து இப்போது அங்கே இல்லை. அதைக் கொடுத்து எனக்கு நாள் வாங்கித் தந்தவரின் பெயரை எழுத லேபிளில் இடமும் இல்லை, அவருக்குச் சம்மதமும் இல்லை. அதனால்தான் நேரில் வந்து உங்களிடம் சொல்கிறேன்.